கடல் கடந்த கைத்தொலைபேசி

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோருக்குக் கடல் கடந்த உறவு என்பது புதிய செய்தியன்று. கோப்பிக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியச் சிற்றூர்களை விட்டு வந்தவர்கள், உடலைத் தோட்டத்திலும் உள்ளத்தின் ஒரு பாதியை ஊரிலுமாக வைத்தே வாழ்ந்தார்கள். பின்னர் அந்நிலை தலைகீழாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி, 525,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாகியது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்து வளர்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டவரானார்கள். தலைமன்னார்த் துறைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பது. அந்த வண்டியில் போனவரிடமிருந்து ஒரு கடிதம் வருவதற்கு, தபாற்காரரின் பையை எதிர்பார்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து கடல் கடப்போர் இருவகையினர். நீலகிரியிலே கோத்தகிரி, கூடலூர் முதலிய இடங்களில் குடியேறிய உறவினரின் திருமணத்துக்கும் மரணத்துக்கும் சில நாட்கள் போய் வருவோர் ஒரு வகை. சவூதி அரேபியா, குவைத், கட்டார் முதலிய நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் செல்வோர் மற்றொரு வகை. இரு சாராரும் புறப்படும் நாளில் பெட்டியிலே கருவாடும் கறித்தூளும் மறவாமல் எடுத்து வைக்கிறார்கள். கைத்தொலைபேசியைப் பற்றி மட்டும், ‘அங்கே இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அந்நிய நாட்டில் ஒரு தொலைபேசி பேசுமா, பேசாதா என்பது பெரும்பாலும் அந்நிய நாட்டில் தீர்மானிக்கப்படுவதில்லை. அது புறப்படுமுன் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. ஏன் என்பதை அறிய வேண்டுமாயின், அச்சிறு கருவி வேற்று மண்ணில் கண் விழிக்கும்போது என்ன செய்கிறது என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

கைத்தொலைபேசியினுள் செருகப்பட்டுள்ள சிம் அட்டையில் ஓர் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. இது நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தொலைபேசி இலக்கமன்று. பதினைந்து இலக்கங்கள் வரை கொண்ட வேறோர் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இலங்கைக்கு உரியது 413. இந்தியாவுக்கு 404, 405 என்பன உள்ளன. அடுத்து வருவன அந்நாட்டில் எந்த நிறுவனத்தின் அட்டை என்பதைக் காட்டும். கட்டுநாயக்காவில் ஏறி ரியாத்தில் இறங்கிய பயணி தொலைபேசியை முடுக்கியதும், அது அருகிலுள்ள அலைக்கோபுரத்தை நோக்கி இவ்வெண்ணைக் கூறுகிறது. கோபுரத்துக்குரிய சவூதி நிறுவனம், ‘413 என்று தொடங்குகிறது, இது நம்முடைய ஆள் அன்று, இலங்கை ஆள்’ என்று கண்டுகொள்கிறது. உடனே கடலுக்கடியில் செல்லும் கம்பிகளின் வழியே கொழும்பிலுள்ள தாய் நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கிறது: இவர் உங்களவரா? இவரை ஏற்கலாமா? இவருடைய கணக்குக்கு நீங்கள் பொறுப்பா?

தோட்டத்து முதியவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. முற்காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக நினைத்த கங்காணியும் அவருடைய ஆட்களும் பழைய துரையிடம் ‘துண்டு’ பெற வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்பது அத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். துண்டு இல்லாதவனைப் புதிய தோட்டம் ஏற்காது. மனிதரைக் கடனால் பிணைத்த அந்தக் கொடிய வழக்கம் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அது ஒழிந்தமைக்கு எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் தொலைபேசி உலகில் அதன் நிழல் இன்னும் இருக்கிறது. தாய் நிறுவனம் ‘ஆம், ஏற்கலாம்’ என்று துண்டு கொடுத்தால் மட்டுமே அந்நியக் கோபுரம் இடங்கொடுக்கும். பயணி அங்கே பேசும் பேச்சுக்கு உரிய பணத்தை அந்நிய நிறுவனம் தாய் நிறுவனத்திடம் பெறும். தாய் நிறுவனம் பயணியிடம் பெறும். இதற்குத்தான் ‘ரோமிங்’ என்று பெயர். பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரித்தானிய நிறுவனம் ஒன்றும் 1992ஆம் ஆண்டில் இத்தகைய முதல் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. இன்று இவ்வுடன்படிக்கைகள் உலகு முழுவதும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன.

ஆதலால் புறப்படுமுன் முதலில் செய்ய வேண்டியது யாது? தாய் நிறுவனத்திடம் ரோமிங் வசதியைத் திறந்து வைத்துக்கொள்வதே. எந்த நாட்டுக்குப் போகிறாரோ அந்த நாட்டில் எந்த நிறுவனத்துடன் உடன்பாடு உண்டு, தம்முடைய இணைப்பு முற்கொடுப்பனவு இணைப்பாயின் அங்கே அது செல்லுமா, கட்டணம் எவ்வளவு என்பனவற்றைப் பதுளை நகரிலுள்ள கிளையிலோ தொலைபேசி வாயிலாகவோ கேட்டறியலாம். அந்நிய மண்ணில் இறங்கிச் சிக்னல் இல்லாத கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வசதியைத் திறக்க முயல்வது, பூட்டிய அறைக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நின்று தட்டுவதை ஒக்கும்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. தோட்டங்களில் பலருடைய சிம் அட்டை அவரவர் பெயரில் இருப்பதில்லை. கணவன் பெயரில் மனைவி பேசுவாள். அண்ணன் எடுத்துக் கொடுத்ததைத் தங்கை வைத்திருப்பாள். உள்ளூரில் இது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. வெளிநாட்டில் தொலைபேசி தொலைந்து, அதே இலக்கத்துக்கு மறு அட்டை எடுக்க வேண்டிய நாளில், தேசிய அடையாள அட்டையுடன் யார் போய் நிற்பது என்ற கேள்வி எழும். பதிவுப் பெயருக்கு உரியவர் அதற்குள் இறந்திருக்கலாம், மனம் மாறியிருக்கலாம். ஆகவே போகிறவர் பெயரிலேயே இலக்கத்தைப் பதிந்துகொள்வது கடவுச்சீட்டு எடுப்பதற்கு அடுத்த வேலையாக இருக்க வேண்டும்.

கட்டணத்தின் போக்கு பலருக்கு விளங்காத புதிர். உள்நாட்டில் அழைப்பை ஏற்பவருக்குச் செலவில்லை. ரோமிங்கில் இருப்பவர் அழைப்பை ஏற்றாலும் செலவு உண்டு. ஸ்பிரிங்வெளியிலிருந்து மகன் தாயின் இலங்கை இலக்கத்தை அழைக்கிறான் என்று கொள்வோம். அவனுக்குத் தாய் இருக்குமிடம் பொருளன்று. உள்ளூர் அழைப்பின் கட்டணத்தையே அவன் கொடுக்கிறான். கொழும்பிலிருந்து ரியாத் வரை அக்குரலைக் கொண்டு செல்லும் கூலியைத் தாய் கொடுக்கிறாள். இதனினும் வியப்பான ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் கோத்தகிரிச் சந்தையிலே பிரிந்துபோய், ‘எங்கே நிற்கிறீர்கள்?’ என்று ஒருவரை ஒருவர் இலங்கை இலக்கங்களில் அழைத்துக்கொள்வார்களாயின், நூறு அடி தூரத்தில் நிற்பவரின் குரல் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், மறுபடியும் கடல் தாண்டி அதே சந்தைக்கு வருகிறது. இரு பயணத்துக்கும் இருவரும் பணம் கொடுக்கிறார்கள். கைதட்டி அழைத்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

பேச்சைவிட டேட்டா கொடியது. பேசுவதற்கு மனிதன் வாய் திறக்க வேண்டும். டேட்டா செலவாவதற்கு அவன் விழித்திருக்கவும் வேண்டியதில்லை. சட்டைப்பையில் உறங்கும் தொலைபேசி, செயலிகளைப் புதுப்பிக்கிறது; நிழற்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறது; குடும்பக் குழுவில் வந்து விழும் காணொளிகளைத் தானாக இறக்குகிறது. வெளிநாட்டில் இவையெல்லாம் ரோமிங் கட்டணத்தில் நடைபெறும். முற்கொடுப்பனவு இணைப்பில் ரீலோட் செய்த தொகை ஓரிரவில் கரைந்துபோகும். பிற்கொடுப்பனவு இணைப்பிலோ, மாத இறுதியில் வரும் பற்றுச்சீட்டைக் கண்டு வீட்டார் திகைப்பார்கள். தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலே ‘டேட்டா ரோமிங்’ என்று ஓர் ஆளி இருக்கிறது. விமானம் ஏறுமுன் அதனை அணைத்துவிட வேண்டும். அதனை அணைப்பதால் குரல் அழைப்போ குறுஞ்செய்தியோ நின்றுவிடாது. பலர் இதனை அறியாமல், செலவுக்கு அஞ்சித் தொலைபேசியையே அணைத்து வைத்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து தன் உறுப்பு நாடுகளிடையே இந்த மேலதிகக் கட்டணத்தை ஒழித்துவிட்டது. பாரிசில் வாங்கிய அட்டை பேர்லினில் அதே கட்டணத்தில் பேசுகிறது. இலங்கைப் பயணி இந்தியா சென்றாலும் அரபு நாடு சென்றாலும் அத்தகைய பொதுவிதியின் காப்பு அவருக்கு இல்லை.

சில நாள் பயணத்துக்கு ரோமிங் போதும். ஆண்டுக்கணக்கில் தங்குபவர் அந்நாட்டு அட்டை ஒன்றைப் பெற்றேயாக வேண்டும். இங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம். தமிழ்நாட்டில் வெளிநாட்டவர் கடவுச்சீட்டும் விசாவும் காட்டி அட்டை பெறலாம். ஆயினும் சரிபார்ப்பு முடிந்து அது உயிர் பெறும்வரை பொறுத்திருக்க வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, அன்றிரவே மலையேறிப் போகிறவர் அந்த இடைவேளையை ரோமிங் கொண்டே கடக்க வேண்டியிருக்கும். உறவினர், ‘எங்கள் வீட்டு சிம் ஒன்று சும்மா கிடக்கிறது, மாமா, இதை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அன்போடு கொடுப்பதுண்டு. அன்பு பெரிதுதான். ஆனால் அந்த இலக்கத்தில் நடக்கும் அனைத்துக்கும் சட்டத்தின் முன் பொறுப்பாளர் பெயர் பதிந்தவரே என்பதைக் கொடுப்பவரும் வாங்குபவரும் எண்ணிப் பார்ப்பது நன்று.

சவூதி அரேபியாவில் அட்டை பெறுபவர் கைரேகை பதிய வேண்டும் என்ற விதி 2016ஆம் ஆண்டில் வந்தது. ‘இக்காமா’ எனப்படும் வதிவிட அனுமதியோடு தொலைபேசி இலக்கம் பிணைக்கப்படுகிறது. சாரதியாகப் போகும் ஆண்மகன் கடைக்குச் சென்று தானே இதைச் செய்துகொள்வான். வீட்டுப் பணிப்பெண்ணின் நிலை வேறு. வெளியே செல்ல அனுமதி இல்லாதவளுக்கு எசமானர் தம் பெயரில் ஓர் அட்டை வாங்கிக் கொடுப்பார். அல்லது வீட்டு வைஃபையின் இரகசியச் சொல்லை மட்டும் கொடுப்பார். நல்ல மனிதர் வீட்டில் இதனால் இடரில்லை. மனம் கசந்த நாளில், கொடுத்த கையே அதை நிறுத்தியும் விடலாம். அப்போது அவளுக்கு எஞ்சியிருப்பது பெட்டியின் அடியில் கிடக்கும் இலங்கை சிம் அட்டை ஒன்றே. அதில் ரோமிங் திறந்திருந்து, சிறிது பணமும் இருந்தால், எவருடைய தயவும் இன்றி ஓர் அழைப்பு எடுக்கலாம். அந்த ஓர் அழைப்பின் விலையை யாரால் கணக்கிட முடியும்?

ஆயினும் பெட்டியில் கிடக்கும் அட்டை தானாக உயிரோடு இருப்பதில்லை. குறித்த காலத்துக்குள் ரீலோட் செய்யாத இலக்கத்தை நிறுவனங்கள் முதலில் முடக்கும்; பின்னர் வேறொருவருக்கு வழங்கிவிடும். இது உலகெங்கும் உள்ள வழக்கமே. இலக்கம் போனால் போகட்டும், புதியது வாங்கலாம் என்று முன்னாளில் இருந்துவிடலாம். இக்காலத்தில் அது இயலாது. வங்கிக் கணக்கு அந்த இலக்கத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பணம் மாற்றும்போது ஓ.ரி.பி. என்னும் இரகசிய இலக்கம் அந்தத் தொலைபேசிக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. இரண்டாண்டு உழைத்து அனுப்பிய பணம் கணக்கில் இருந்தும், கதவைத் திறக்கும் சொல் முன்பின் அறியாத ஒருவரின் கைக்குப் போய்ச் சேருமாயின், அதனினும் பெரிய அநியாயம் உண்டோ? வீட்டில் உள்ள ஒருவர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அந்த இலக்கத்துக்கு ரீலோட் செய்துவருவது இதற்கு எளிய மருந்து. நிறுவனத்தின் கால எல்லையை முன்கூட்டியே கேட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.

இரண்டு சிம் அட்டை போடக்கூடிய தொலைபேசியே இவ்வகைப் பயணிக்கு ஏற்றது. ஒன்றில் இலங்கை அட்டை, டேட்டா அணைத்தபடி, குறுஞ்செய்திக்கும் அவசரத்துக்குமாக. மற்றதில் அந்நாட்டு அட்டை, நாள்தோறும் பேசுவதற்கு. வாட்ஸ்அப் செயலி பழைய இலக்கத்திலேயே தொடர்ந்து இயங்கும். புதிய அட்டையைக் கண்டு ‘இலக்கத்தை மாற்றவா?’ என்று அது கேட்டால் ‘வேண்டாம்’ என்று மறுத்துவிடலாம். ஊரார் அறிந்த இலக்கம் அப்படியே நிற்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் மூலம் எழுத்தும் பதிவு செய்த குரலும் செல்லும். நேரடி அழைப்புக்கு அங்கே இடமில்லை. அங்குள்ளோர் உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளை நாடுகிறார்கள். டுபாயில் உள்ளவர் பேசவில்லையே என்று வீட்டார் மனம் புண்படுமுன் இதனை அறிந்திருக்க வேண்டும்.

முதியவர்களிடம் உள்ள பட்டன் தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். அது இரண்டாம் தலைமுறை அலையில் மட்டும் பேசும் கருவியாயின், எல்லா நாட்டிலும் பேசும் என்று நம்பலாகாது. சிங்கப்பூர் அந்த அலையை 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. மூன்றாம் தலைமுறையையும் 2024இல் நிறுத்தியது. அவுஸ்திரேலியாவும் இரண்டையும் மூடிவிட்டது. மகனைப் பார்க்க மெல்பேர்னுக்குப் போகும் தாத்தாவின் தொலைபேசி அங்கே மணிகாட்டும்; வேறொன்றும் செய்யாது.

இனி, இலக்கங்களைச் சொல்லும் முறை. பதுளைக்குரிய இலக்கம் 055 என்று தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் முதலில் உள்ள பூச்சியத்தை நீக்கி, +94 55 என்று தொடங்க வேண்டும். கைத்தொலைபேசிக்கும் அவ்வாறே, 07 என்பது +94 7 ஆகும். பூச்சியத்தை நீக்காமல் அழைத்து, ‘வீட்டில் யாரும் எடுக்கவில்லை’ என்று கலங்கியவர்கள் பலர். பூச்சியப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்தக் கூட்டற்குறி பெரும்பாலான கருவிகளில் தோன்றும். வீட்டார் இலக்கங்கள் அனைத்தையும் புறப்படுமுன்னரே இந்த வடிவில் பதிந்து வைத்தால், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஒரே இலக்கம் பயன்படும்.

குறுக்கெண்களில் ஒரு பொறி இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் இலக்கத்தைப் பலர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பொலிசாரின் 119 எல்லோருக்கும் தெரியும். இவை உள்நாட்டுக்கென அமைந்த குறுக்கெண்கள். அந்நிய நாட்டிலிருந்து அழுத்தினால் உரிய இடத்துக்குப் போகும் என்று நம்பியிருக்கலாகாது. பணியகத்தின் முழு இலக்கத்தையும், போகும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் முழு இலக்கத்தையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்நாட்டு அவசர இலக்கம் வேறு: குவைத்தில் 112, அமீரகத்தில் 999. 112 என்பதைப் பெரும்பாலான நாடுகளின் கைத்தொலைபேசி வலைகள் அவசர அழைப்பாக ஏற்கும்.

இவற்றைத் தொலைபேசியில் மட்டும் பதிந்து வைப்பது போதாது. தொலைபேசி பறிபோகலாம், உடையலாம், வாங்கி வைக்கப்படலாம். வீட்டு உரிமையாளர் பணிப்பெண்ணின் தொலைபேசியைக் கைப்பற்றி வைப்பது முறையன்று என்று எத்தனை முறை எடுத்துரைத்தாலும், கதவு மூடிய வீட்டுக்குள் அவளுக்குத் துணை அவள் நினைவும் கையிலுள்ள காகிதமுமே. ஒரு சிறு துண்டுக் காகிதத்தில் வீட்டு இலக்கம் ஒன்று, தூதரக இலக்கம் ஒன்று, பணியக இலக்கம் ஒன்று ஆகிய மூன்றையும் நாட்டுக் குறியீட்டோடு எழுதி, பாவாடை மடிப்பிலோ பையின் உட்புறத்திலோ தைத்து வைக்கும் வழக்கம் நகைப்புக்குரியதன்று. அவற்றில் ஒன்றையேனும் மனப்பாடம் செய்துகொள்வது அதனினும் நன்று. பள்ளியில் வாய்ப்பாடு மனனம் செய்த தலைமுறைக்கு இது அரிய செயலா?

வீட்டில் இருப்போருக்கும் ஓர் ஆயத்தம் உண்டு. ஸ்பிரிங்வெளி என்னும் பெயர் ஆங்கிலத்தில் ஊற்றுப் பள்ளத்தாக்கு என்று பொருள்படுவது. தமிழ் நாவுக்கு அது ‘வெளி’ என்றாகிவிட்டது. பெயரில் வெளி இருப்பினும், 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையின் சரிவில் இடம் எங்கும் வெளியாக இல்லை. வானொலி அலையைப் போலவே தொலைபேசி அலையும் மலையின் நிழலில் மெலியும். லயத்தின் ஒரு மூலையில் கிடைக்கும் சிக்னல் மறு மூலையில் கிடைக்காமற்போவது மலைநாட்டார் அறிந்ததே. எனவே பேசும் இடமும் நேரமும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சவூதி அரேபியாவின் மணி நம்முடைய மணிக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அமீரகத்தின் மணி ஒன்றரை மணி நேரம் பின்னால். ரியாத்தில் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்து ஒரு தாய் பதினொரு மணிக்குத் தொலைபேசியைக் கையில் எடுக்கும்போது, இங்கே நள்ளிரவு கடந்து மணி ஒன்றரை. பிள்ளை உறங்கிவிட்டிருக்கும். பாட்டி எழுந்து, சிக்னல் கிடைக்கும் அந்த மூலைக்கு வந்து, ‘சொல்லும்மா’ என்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் பேசுவது என்று முன்னரே ஏற்பாடு செய்திருந்தால், பிள்ளையும் பேசும்.